கட்டச்சிக்கு ஊற்றிய தண்ணீர்

அவர் எதையும் முதலில் நாக்கில் வைத்துத்தான் பார்ப்பார். தண்ணீர், எண்ணெய், வண்டிக்கு வந்த நிலக்கரி, ஒரு தடவை திருச்சியிலிருந்து வந்த புதுக் குழாயைக்கூட நக்கிப் பார்த்தார். நக்கிவிட்டு, தூரத்தில் யாரோ தெரிந்த ஆள் வருகிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்புறம் சொல்வார், "இது அது இல்ல."

எது அது என்று கேட்டால் சொல்ல மாட்டார். அந்த மனிதரிடம் எங்களுக்கு இருந்த ஆத்திரம் எல்லாம் அந்த ஒரு இடத்தில்தான். வேண்டாததைச் சொல்வார், வேண்டியதைச் சொல்ல மாட்டார். வாயைத் திறந்து இன்னது வேண்டும் என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் எட்டுப் பெண்களின் பிழைப்பு போயிருக்காது. இதை எழுதும்போதே உறுத்துகிறது. வாயைத் திறக்காதவர் அவர் மட்டும் இல்லை.

நான் வல்லத்திராக்கோட்டையில் பிறந்தவள். ஐந்தாவது வரை அங்கே படித்துவிட்டு, கல்லுக்குழி இருந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்த வருஷம் அது. பாறைக்கு வெடி வைத்துப் பிளந்து, ஜல்லியாக உடைத்து, ரயில் பாதை போடுகிற வேலைக்கு அனுப்புவார்கள். குழியிலிருந்து ரயில் வந்து நிற்கும் இடத்துக்கு இரண்டு மைல். அதுவரை மாட்டு வண்டியில் போன ஜல்லியை இழுப்பதற்கு அந்த வருஷம்தான் ஒரு சின்ன நீராவி எஞ்சின் வாங்கினார்கள். எங்கேயோ அணை கட்டின இடத்தில் உழைத்துப் பழசான எஞ்சின். அதற்கென்று குறுகலாகத் தண்டவாளமும் போட்டார்கள். அந்த எஞ்சினோடு கூடவே வந்தவர் அவர். ஓட்டுவதும் அவர்தான், பழுது பார்ப்பதும் அவர்தான். எங்களுக்கு அவர் பிட்டர். பெயர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார் என்று தோன்றவில்லை.

பெரிய ரயிலைப் பார்த்தவர்களுக்கு அந்த எஞ்சினைப் பார்த்தால் சிரிப்பு வரும். நாலே சக்கரம். கூரையோடு சேர்த்து ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் இருந்தால் அதிகம். புகைபோக்கி மட்டும் பெரிய ஆளுடைய குடையை வாங்கிப் பிடித்த மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஊருக்கு வந்த மருமகள்களில் நான்தான் குட்டை என்று எனக்குக் கட்டச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். எஞ்சினைத் தண்டவாளத்தில் இறக்கிய அன்று என் ஓரகத்தி வெள்ளையம்மா அக்கா எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஏடி, ஒன்னயக் காட்டியும் கட்டையா ஒருத்தி வந்துட்டா பாரு."

அன்றிலிருந்து எஞ்சினும் கட்டச்சி. மேஸ்திரி காலையில் வந்து, கட்டச்சிக்குத் தண்ணி வச்சாச்சா என்று கேட்பார். எல்லாப் பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொள்வேன். இயல்பிலேயே நான் பேசாதவள். அந்தச் சிரிப்பு இருக்கிற பேச்சையும் உள்ளே தள்ளிவிட்டது.

எஞ்சினுக்குத் தண்ணீர் எடுக்கிற வேலை எட்டுப் பெண்களுக்கு. என் வீட்டுக்காரருக்குக் கல்தூசி நெஞ்சில் இறங்கி இருமல் வந்துவிட்டது, பாதி நாள் படுக்கை. அந்தக் குடத்தை வைத்துத்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. வெள்ளையம்மா அக்காவின் வீடும் அப்படித்தான்.

கல்லுக்குழியிலேயே தண்ணீர் கிடந்தது. முப்பது எட்டு நடந்தால் போதும். பாறைக்கு நடுவே கண்ணாடி மாதிரி, அடியில் கிடக்கிற கல்லை எண்ணலாம். பிட்டர் வந்த மறுநாள் அதில் சுண்டுவிரலை விட்டு நாக்கில் வைத்தார். இது அது இல்ல. ஊர்க் கிணற்றுக்குப் போனார். இது அது இல்ல. கடைசியில் அரை மைல் தள்ளி இருந்த ஊரணிக்குப் போனார். மழைத் தண்ணீர், செம்மண் கலங்கல். அதை நக்கிவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். அப்படி ஒன்றும் சொல்லாமல் நின்றால் அதுதான் அது என்று நாங்களாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊரணி குடிக்கிற ஊரணி. அதில் யாரும் கால்கூடக் கழுவ முடியாது, செருப்பைக் கரையில் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். எஞ்சினுக்கா ஊரணித் தண்ணீர் என்று ஊர்த் தலைவரான அம்பலகாரர் அவரைப் பார்த்துச் சிரித்தாராம். இவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாராம்: "அவ குடிக்கத்தாங்க கேக்குறா, குளிக்க இல்ல."

அந்த ஒரு பேச்சுக்காகவே ஊர் ஒத்துக்கொண்டது. அவர் பேசி நடந்த ஒரே காரியம் எனக்குத் தெரிந்து அதுதான்.

ஆக, பக்கத்தில் தெளிந்த தண்ணீர் சும்மா கிடக்க, அரை மைல் போய்க் கலங்கலைச் சுமந்து வந்தோம். அதைச் சிமெண்டுத் தொட்டியில் ஊற்றி, தேத்தாங்கொட்டையைக் கல்லில் உரசிக் கரைத்துவிட்டு, மண் அடியில் படிந்து தெளியும்வரை காத்திருக்க வேண்டும். ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. தெளிந்த தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர், அவ்வளவுதான் எங்கள் கணக்கு. குழித் தண்ணீர் லேசாகக் கைக்கும், உப்புக் கரிக்கும், அது மனுஷனுக்கு. இரும்புக்கு என்ன வாய் என்பார் வெள்ளையம்மா அக்கா.

தொட்டியில் ஊற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு குடத்திலும் சுண்டுவிரலை விட்டு நக்குவார். ஒரு நாளைக்கு நூறு குடத்துக்குக் குறையாது. ஒருத்தி வழியில் கால் இடறிக் கொஞ்சம் சிந்திவிட்டது என்று குழியில் இரண்டு கை அள்ளி மேலே நிரப்பிக்கொண்டு வந்தாள். இரண்டே கை. அவர் நக்கினார், தூரத்தில் பார்த்தார், முழுக் குடத்தையும் அவள் காலடியில் கவிழ்த்துவிட்டார். திட்டவில்லை. காரணமும் சொல்லவில்லை. அவள் நின்ற இடத்தில் செம்மண் சேறாகிப் போனது. இந்த நாக்கைக் கட்டிக்கொண்டு எவள் குடும்பம் நடத்துவாள், அதனால்தான் ஒண்டிக்கட்டையாகத் திரிகிறார் என்று வெள்ளையம்மா அக்கா அவர் காதில் விழும்படியே சொன்னார். அவர் அடுத்த குடத்துக்கு விரலை நீட்டினார்.

வெற்றிலை போட மாட்டார், பீடி குடிக்க மாட்டார். நாக்கு மரத்துவிடுமாம். மேஸ்திரி மகள் கல்யாணத்தில் தாம்பூலத் தட்டை நீட்டினார்கள், தொடவில்லை. அதற்கே முகம் சுளித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்னால் பந்தியில் ரசத்தை வாயில் வைத்துவிட்டு, இலையைப் பார்த்து, மெதுவாகத்தான் சொன்னார், "இது அது இல்ல" என்று. சம்பந்தி வீட்டார் காதில் விழுந்துவிட்டது. சமையல்காரர் கரண்டியோடு வந்து, என்ன குறை என்று கேட்டார். புளியா, உப்பா, பெருங்காயமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவர் எதற்கும் பதில் சொல்லாமல் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். அதற்கப்புறம் ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்குகிறவர்கள் "இது அது இல்ல" என்று சொல்லிச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு பெண் சொன்னாள் என்றுகூடக் கதை கட்டினார்கள்.

ஆனால் கட்டச்சி ஓடியது. அதையும் சொல்ல வேண்டும். ஐந்தாறு வருஷம் ஒரு நாள் நிற்காமல் பத்துத் தொட்டி வண்டியை இழுத்துக்கொண்டு போய்ப் போய் வந்தது.

அப்புறம் ஒரு கோடையில் ஊரணி இறங்கிவிட்டது. மழை வரும்வரை எஞ்சினை நிறுத்தலாம் என்ற அர்த்தத்தில் இவர் ஏதோ சொன்னார். அப்போது இருந்த மேனேஜர் குழித் தண்ணீரை ஊற்றச் சொன்னார். நாங்கள் ஊற்றினோம். முதல் குடத்தை நக்கிவிட்டு அவர் அந்த மூன்று வார்த்தையைச் சொன்னார். கையில் எப்போதும் வைத்திருக்கும் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தின் மேலேயே நடந்து போய்விட்டார். அந்தத் தண்ணீர் எஞ்சினை என்ன செய்யும் என்று மேனேஜரிடம் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசியிருக்கலாம். பேசவில்லை. வேறு ஆள் வந்து ஓட்டினான். நாலு மாதத்தில் கட்டச்சி படுத்துவிட்டது. வயிற்றுக்குள் இருக்கிற குழாயெல்லாம் ஒழுகி நெருப்பையே அணைத்துவிட்டதாம். பனை ஓலைக் கொட்டகை ஒன்று போட்டு அதற்குள் தள்ளிவிட்டார்கள். ஜல்லி மறுபடியும் மாட்டு வண்டிக்குப் போனது. நாங்கள் கல் உடைக்கப் போனோம்.

மூன்று நாலு வருஷம் அப்படியே கிடந்தது. ஆடுகள் அதற்கடியில் படுத்தன. நெருப்புப் போடுகிற வாய்க்குள் வெள்ளையம்மா அக்காவின் கோழி முட்டையிட்டு, அடைக்கும் அங்கேயே உட்கார்ந்தது. கட்டச்சி பிள்ளை பெத்துட்டா என்று என்னைக் கேலி செய்தார்கள்.

குழி கைமாறி, புது மேனேஜர் வந்தார். ரயில்வேக்கு நிறைய ஜல்லி கொடுக்க ஒத்துக்கொண்டிருந்தார். லாரி வாங்குவதா, எஞ்சினைச் சரி பண்ணுவதா என்று யோசித்து, முதலில் எஞ்சினைப் பார்ப்போம் என்று எங்கெங்கோ விசாரித்துப் பிட்டரைக் கூட்டி வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். நடுவில் விஷக்காய்ச்சல் கண்டு நாற்பது நாள் கிடந்தாராம். வந்து கொட்டகைக்குள் போனார். கோழியைத் தூக்கி வெளியே விட்டார். பாய்லரின் முன்மூடியைக் கழற்றிக் குழாய் ஒன்றை உருவினார். அதன்மேல் வெள்ளை வெள்ளையாக, விரல் கனத்துக்குக் கல் மாதிரி படிந்திருந்தது. எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு அதைக் காட்டினார். நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் இந்தக் கல் வந்து உட்கார்ந்தால் சூடு தண்ணீருக்குப் போகாது, குழாய் வெந்து போகும் என்று மேனேஜர்தான் எங்களுக்கு விளக்கினார். ஐந்தாறு வருஷம் தண்ணீர் சுமந்த எங்களுக்கு அன்றைக்குத்தான் விஷயமே தெரிந்தது.

சரி பண்ண எட்டு மாதம் ஆனது. மேனேஜர் நல்ல மனிதர், அவரையே பிட்டர் அழ வைத்துவிட்டார். வாங்கி வந்த மரையாணி அது இல்லை. கொழுப்பு அது இல்லை. கயிறு அது இல்லை. "என்னதான்யா வேணும், படமாச்சும் போட்டுக் குடு" என்று மேனேஜர் ஒரு நாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிட்டர் மண்ணில் குச்சியால் ஒரு வட்டம் போட்டார். அதைப் பார்த்து, அதையும் காலால் அழித்தார்.

உள்ளே ஒட்டியிருந்த கல்லை இளக்குவதற்குப் புளி கேட்டார். உப்புப் போடாத புளி. வீட்டுக்கு வீடு கொண்டு வந்து கொடுத்தோம். அண்டாவில் கரைத்துக் கொதிக்க வைத்து உள்ளே ஊற்றி ஊறப்போட்டார். கட்டச்சிக்குப் புளிக்குழம்பு என்று ஊரே சிரித்தது. வெள்ளையம்மா அக்கா மட்டும் உப்புப் போட்டு அடைத்து வைத்த பழம்புளியைக் கொண்டு வந்தார். கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம் என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். அவர் ஒரு கிள்ளு வாயில் வைத்தார். வெகு நேரம் தூரத்தில் பார்த்தார். அண்டாவில் போட்டுவிட்டார். காய்ச்சல் வந்து மனுஷன் இளகிப்போயிட்டார் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

எட்டாவது மாதம் கட்டச்சி விசில் கொடுத்தது. ஆடுகள் நாலு பக்கமும் ஓடின. பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு, மூன்று மாதம் ஓட்டுங்கள், அப்புறம் நானே வந்து பிரித்துப் பார்ப்பேன், உள்ளே சுத்தமாக இருந்தால்தான் முழுச் சீட்டுத் தருவேன் என்று சொல்லிப் போனார். சீட்டு கிடைக்காவிட்டால் லாரிதான் என்று மேனேஜர் எங்களிடம் ஒளிக்காமல் சொன்னார். லாரிக்குத் தண்ணீர் எடுக்க எட்டுப் பெண்கள் வேண்டாம்.

நாங்கள் பழையபடி ஊரணிக்கு நடந்தோம். பிட்டர் பழையபடி விரலை நீட்டினார்.

ஒரு நாள் என் காலில் கருவேல முள் ஏறிவிட்டது. உச்சி வெயில். அரை மைல் போக முடியவில்லை. குழியில் ஒரு குடம் மொண்டேன். அகப்படுவேன் என்று தெரியும், காலடியில் கவிழ்க்கட்டும், அன்றைய பொழுதாவது கழியட்டும் என்று நினைத்தேன். அவர் விரலை விட்டார், நாக்கில் வைத்தார். "ம், ஊத்து" என்றார்.

நான் அசையாமல் நின்றேன். இன்னொரு தடவை சொன்னார். ஊற்றினேன்.

அன்று முழுக்க அவரையே கவனித்தேன். சாயங்காலம் டீக்கடையில் கடைக்காரர் சீனி போட மறந்துவிட்டார், பக்கத்தில் இருந்தவர் வாயில் வைத்ததும் கத்தினார். இவர் டம்ளர் காலியாகும்வரை குடித்துவிட்டுப் போனார். கல்யாணப் பந்தியில் ரசத்தைக் குறை சொன்ன நாக்கு. உப்புப் புளி அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. காய்ச்சல் அவர் உடம்பை விட்டுவிட்டு நாக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தது. அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் குடத்துக்குக் குடம் விரலை விட்டு, பழைய மாதிரியே தூரத்தில் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குத் தெரிந்தது என்னோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் குழிப் பக்கமிருந்து வந்ததை வெள்ளையம்மா அக்கா பார்த்துவிட்டார். குடம் கவிழாமல் உள்ளே போனதையும் பார்த்தார். மறுநாள் அவரும் ஒரு குடம் குழியில் மொண்டார். அடுத்த வாரம் எட்டில் ஐந்து பேர் காலையில் ஒரு நடை ஊரணிக்குப் போய்விட்டு, மற்றதெல்லாம் அவர் வண்டியோடு போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் குழியிலேயே எடுத்தார்கள். வேண்டாம் அக்கா, இன்ஸ்பெக்டர் வருவார் என்று ஒரு தடவை மெல்லச் சொன்னேன். "வழியக் காட்டுனதே நீதானடி, இப்ப என்ன புதுசா" என்றார். நாலு குடத்துக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்றும் சொன்னார். பழைய கோடையில் எல்லாமே குழித் தண்ணீர், இப்போது பாதிதானே என்பது அவர் கணக்கு.

பிட்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? ஐயா, உங்கள் நாக்கு போய்விட்டது என்றா? தனியாக அவரிடம் பேசினால் அதற்கு வேறு பேச்சு வரும். என் குடத்தை அவர் சில நாள் நக்காமலே ஊற்றச் சொல்வார், பழைய நம்பிக்கை. அதற்கே, பிட்டரு என்ன ஒம் பெரிய வீட்டுக்காரரா, ஒனக்கு மட்டும் கணக்குப் பாக்க மாட்டாரோ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் யோசித்து, காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் பென்சிலால் எழுதினேன். தண்ணி அது இல்லை. அவ்வளவுதான். வேறு எழுதினால் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்துத் தகரப் பெட்டியில் தேத்தாங்கொட்டைக்கு நடுவில் வைத்தேன்.

மறுநாள் காலை நாங்கள் எட்டுப் பேரும் தொட்டியைச் சுற்றி நிற்கும்போது பெட்டியைத் திறந்தார். தாளை எடுத்தார். அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தபோதுதான் அவருக்குப் படிக்கத் தெரியாது என்று எனக்குத் தெரிந்தது. எஞ்சினில் ஒட்டியிருந்த பித்தளைத் தகட்டின் எழுத்தை அவர் தினம் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார், அதனால் படித்தவர் என்றே நினைத்திருந்தேன்.

"இங்க படிச்ச புள்ள யாரு?"

"நம்ம கட்டச்சிதான் அஞ்சாப்பு" என்றார் வெள்ளையம்மா அக்கா.

நான் எழுதியதை என் கையிலேயே கொடுத்தார். ஏழு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்த நாலு நொடியில் நான் வாசித்திருக்கலாம். மூன்று வார்த்தை, அதிலும் இரண்டு வார்த்தை அவருடையதே.

"கடைச் சீட்டுங்க. அரிசி, பருப்புன்னு போட்டிருக்கு."

"அரிசி பருப்பா" என்றார். என்னை ஒரு தடவை பார்த்தார். தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானத்திலிருந்து ஒரு புதுப் பழக்கம் பிடித்துக்கொண்டார். முதலில் வருகிற என்னைக் கடைசியாக வரச் சொன்னார். மற்ற ஏழு பேரும் ஊற்றி முடிக்கிறவரை நான் குடத்தோடு தொட்டிக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு குடத்திலும் விரலை விடுவார், நாக்கில் வைப்பார். ஆனால் இப்போது தூரத்தில் பார்ப்பது இல்லை. என்னைப் பார்ப்பார். என்னையே பார்ப்பார். அப்புறம்தான் "ஊத்து" என்பார். நான் குழித் தண்ணீர் ஊற்றியதைக் கண்டுபிடித்துவிட்டார், அதனால்தான் இப்படிக் குத்திப் பார்க்கிறார் என்று நினைத்து நான் தரையைப் பார்ப்பேன். பிட்டருக்கு நீ நின்றால்தான் தண்ணீர் இனிக்கிறது போல என்று பேச்சு வேறு. அப்புறம் தரையை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. ஒரு நாள் எஞ்சினை நிறுத்திவிட்டுக் குழி ஓரத்தில் போய் வெகு நேரம் நின்றார். அன்று எல்லோரும் ஒழுங்காக ஊரணிக்குப் போனார்கள். மறுநாள் அவர் வண்டியை ஓட்டப் போனதும் பழையபடிதான்.

மூன்று மாதம் முடிகிறவரை ஒரு நாளைக்கு நூறு குடம், நூறு தடவை பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் சொன்னபடி வந்தார். முன்மூடியைக் கழற்றி விளக்கை உள்ளே விட்டுப் பார்த்தார். குழாய்கள் மேல் முட்டை ஓட்டைவிடக் கனமாக வெள்ளை ஏறியிருந்தது. இரண்டு குழாயின் வாயில் கசிவு. உப்புப் புளியும் தன் பங்குக்கு எதையாவது செய்திருக்கும். இன்ஸ்பெக்டர் அந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்துக் கையில் வைத்து, எந்தத் தண்ணீரை ஊற்றினீர்கள் என்று கேட்டார். மேனேஜர் பிட்டரைப் பார்த்தார். பிட்டர் அந்தச் சில்லை வாங்கி நாக்கில் வைத்தார். கையை நீட்டி எங்களைக் காட்டியிருக்கலாம், காட்டியிருந்தால் நியாயம்தான்.

"நாந்தாங்க பாத்து ஊத்துனேன்" என்றார். "எந் தப்புதான்."

முழுச் சீட்டு இல்லை என்று இன்ஸ்பெக்டர் எழுதினார். மறுபடியும் எட்டு மாதம் இவரோடு மல்லுக்கட்ட மேனேஜருக்குத் தெம்பு இல்லை. மாதம் முடிவதற்குள் இரண்டு லாரி வந்தன. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். வெள்ளையம்மா அக்கா தொட்டி மேல் உட்கார்ந்து அழுதார், பாதிதானேடி ஊத்துனோம், பாதிதானே என்று.

அவர் ஊரை விட்டுப் போன அன்று பதினோரு மணி பஸ்ஸுக்கு முன்னால் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் தகரப் பெட்டி. உள்ளே என் வீட்டுக்காரர் இருமிக்கொண்டிருந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். சொம்பில் கொண்டு வந்து கொடுத்தேன். அதைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அரிசி பருப்பு" என்றார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "அன்னிக்குப் பகல்லயே டீக்கடையில குடுத்து வாசிக்கச் சொன்னேன். தண்ணி அது இல்லைன்னு வாசிச்சுப்புட்டு, எங் கடை டீயையா சொல்றேன்னு அவன் சண்டைக்கு வந்துட்டான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஆயுளில் அவரிடம் நான் பேசிய பெரிய பேச்சை அப்போதுதான் பேசினேன். "தெரிஞ்சும் ஏங்க ஊத்தச் சொன்னீங்க?"

"எந்தக் கொடம்னு எனக்கு எப்புடித்தா தெரியும்? நாக்குதான் செத்துப்போச்சே. அத நாலு பேரு முன்னால எப்புடிச் சொல்றது." பெட்டியைக் கீழே வைத்தார். "ஒவ்வொரு கொடத்துக்கும் ஒன்னயத்தான பாத்தேன். இல்லேன்னு தலைய ஆட்டுவ, கவுத்துப்புடலாம்னு பாத்தேன். நீ தரையவே பாத்த."

கேட்டிருக்கலாமே என்று தொண்டை வரை வந்தது. நீ வாசித்திருக்கலாமே என்பார். அதனால் அதையும் விழுங்கினேன்.

அவர் சொம்பை எடுத்தார். குடிக்கவில்லை. சுண்டுவிரலை உள்ளே விட்டு நாக்கில் வைத்தார். தூரத்தில் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இது அதுதானா ஆத்தா?"

ஊரணியில் நான் காலையில் எடுத்த தண்ணீர். தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்து, ஆமாம் என்று ஆட்டினேன்.

ஒரே ஒரு ஆட்டு. அது அவ்வளவு லேசாக இருந்தது.